பிளிட்ஸ் இல்லாத நெருக்கடி: மஹோம்ஸைக் கட்டிப்போட்ட இரண்டு சூப்பர் பவுல்கள்

தடுப்புவரிசை (இழையைத் தொடங்கியவர்)

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான 59ஆவது சூப்பர் பவுலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 40-22 என்ற புள்ளிக் கணக்கையும், தொடர்ந்து மூன்றாவது கோப்பை என்ற கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் கனவு கலைந்ததையும் பற்றியே பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தின் மிக முக்கியமான எண் பூஜ்யம். சீஃப்ஸின் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ் பந்தை வீசுவதற்காக 42 முறை பின்வாங்கினார். அந்த 42 முறையில் ஒருமுறைகூட ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபான்ஜியோ பிளிட்ஸ் (குவாட்டர்பேக் மீது கூடுதல் ஆட்களை ஏவுவது) அனுப்பவில்லை. அப்படியிருந்தும் மஹோம்ஸ் 6 முறை சாக் செய்யப்பட்டார், அதாவது வீசும் முன்பே பந்தோடு வீழ்த்தப்பட்டார். அன்றுவரை அவருடைய ஆட்ட வாழ்க்கையில் ஒரே ஆட்டத்தில் அவர் பட்ட அதிகபட்ச அடி அதுவே.

புதிதாக ஆட்டம் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாக்கும் அணியின் 11 பேரில் ஐவர் முன்வரிசைத் தடுப்பாளர்கள், ஒருவர் குவாட்டர்பேக். மீதமுள்ள ஐவர்தான் பந்தைப் பிடிக்க ஓடக்கூடியவர்கள். தற்காக்கும் அணி நான்கு பேரை மட்டும் குவாட்டர்பேக்கின் மீது ஏவினால், அந்த ஐவரைக் கவனிக்க ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். ஆறு பேரை ஏவினால் ஐவருக்கு ஐவர் என்றாகிவிடுகிறது; ஒருவர் சறுக்கினாலும் பின்னால் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஏவுவதைத்தான் பிளிட்ஸ் என்கிறோம். சாதாரண குவாட்டர்பேக் பிளிட்ஸைக் கண்டால் பதறுவார். மஹோம்ஸோ பிளிட்ஸ் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்று பார்த்து, காலியான அந்த இடத்திற்கே பந்தை அனுப்பிவிடுவார். ஆகவே அவரை வெல்ல ஒரே வழி, நான்கு பேரைக் கொண்டே அவரை நெருக்குவதும், ஏழு பேரைக் கொண்டு அவருடைய கண்களுக்குத் தெரியும் வாசல்களை எல்லாம் அடைப்பதும்தான்.

இதைச் சொல்வது எளிது. நான்கு பேர் ஐந்து தடுப்பாளர்களைத் தாண்டிச் சென்று இரண்டரை அல்லது மூன்று நொடிக்குள் குவாட்டர்பேக்கைத் தொட வேண்டுமானால், அந்த நால்வரும் தனித்தனியாகத் தம் எதிரியைவிடச் சிறந்தவர்களாக இருக்க வேண்டும். என் கருத்து இதுதான்: அந்த இரவின் புகழ் ஃபான்ஜியோ பலகையில் வரைந்த திட்டத்துக்குச் சேர்வதைவிட அதிகமாக ஜாஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ், ஜேலன் கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ் ஆகியோருக்கும், அவர்களை ஆண்டுக்கணக்காகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த நிர்வாகத்திற்கும் சேர வேண்டும். ஸ்வெட் இரண்டரை சாக்குகள், வில்லியம்ஸ் இரண்டு சாக்குகள் எடுத்தனர். கார்ட்டரின் பெயர் சாக் கணக்கில் இல்லை. ஆனால் அவரைத் தடுக்க ஒவ்வொரு முறையும் இருவர் தேவைப்பட்டதால்தான் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தனித்த எதிரி கிடைத்தான். இந்த வகை உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை என்பது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் விஷயம்.

அம்புமுனை

சீஃப்ஸ் ரசிகனாக எழுதுகிறேன். நண்பர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எங்கள் அணியின் முன்வரிசை எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் அந்த இரவைப் பேசுவது முழுமையாகாது. இடது டேக்கிள் (முன்வரிசையின் ஓரத் தடுப்பாளர்) இடத்தில் அந்தப் பருவம் முழுவதும் ஆள் மாற்றி ஆள் முயன்று பார்த்தோம். கிங்ஸ்லி சுவாமடாயா, வான்யா மோரிஸ், டி.ஜே. ஹம்ஃப்ரிஸ் என்று யாரும் நிலைக்காமல், டிசம்பரில், டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் இடது கார்டான ஜோ தூனியையே டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். தூனி தன் இடத்தில் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவரை நகர்த்தியதால் இரண்டு இடங்கள் பலவீனமாயின: டேக்கிளில் அவருடைய கை நீளம் போதவில்லை, அவர் விட்டுவந்த கார்டு இடத்தில் அனுபவம் குறைந்த மைக் கலியெண்டோ, கார்ட்டருக்கும் வில்லியம்ஸுக்கும் எதிராக நிற்க வேண்டியிருந்தது. முதல் பாதியில் எங்கள் அணி மொத்தமாக எடுத்தது 23 கெஜம். இடைவேளையில் 24-0. அதற்குப் பிறகு மஹோம்ஸ் எடுத்த மூன்று டச்டவுன்களும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) தோல்வியின் வித்தியாசத்தைக் குறைத்தனவே தவிர ஆட்டத்தை மாற்றவில்லை.

என் கேள்வி இதுதான். எதிரணியின் முன்வரிசை உடைந்திருக்கும்போது மட்டும் பலிக்கும் ஒன்றை உத்தி என்று கொண்டாடலாமா?

தடுப்புவரிசை

நியாயமான கேள்வி. இதற்கு நீங்கள் டாம்பா பேயிடம் தோற்ற 55ஆவது சூப்பர் பவுலைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அங்கேயும் உங்கள் முன்வரிசை உடைந்தே இருந்தது. எரிக் ஃபிஷர் இரண்டு வாரங்களுக்கு முன்பு குதிகால் தசைநார் அறுந்து விலகினார். மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் பல மாதங்களாக ஆடவில்லை. கார்டு லோரான் டுவெர்னே-டார்டிஃப் ஒரு மருத்துவர் என்பதால் பெருந்தொற்றுக் காலத்தில் பருவம் முழுவதையும் விட்டு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றச் சென்றிருந்தார். அவருடைய அந்த முடிவுக்கு இன்றும் என் வணக்கம். மைக் ரெம்மர்ஸ் இடது டேக்கிளுக்கும், ஆண்ட்ரூ வைலி வலது டேக்கிளுக்கும் நகர்த்தப்பட்டார்கள்.

ஆனால் டாம்பா பே பக்கனியர்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் டாட் போல்ஸ் செய்ததைக் கவனியுங்கள். அவர் இயல்பிலேயே பிளிட்ஸ் அனுப்புகிறவர். அந்த 2020 பருவத்தில் லீக்கிலேயே அதிகம் பிளிட்ஸ் செய்த அணிகளில் ஒன்று அவருடையது. நவம்பரில் இதே இரு அணிகளும் மோதியபோது அவர் தன் வழக்கப்படியே ஆடி, கார்னர்பேக் (பந்து பிடிப்பவர்களை மூடும் தற்காப்பாளர்) கார்ல்டன் டேவிஸை, சீஃப்ஸுக்காகப் பந்து பிடிக்கும் டைரீக் ஹில்லுக்கு எதிராகப் பலமுறை தனியாக நிறுத்தினார். ஹில் முதல் கால் பகுதியிலேயே 203 கெஜமும் மொத்தத்தில் 269 கெஜமும், மூன்று டச்டவுன்களும் எடுத்தார். சீஃப்ஸ் 27-24 என்று வென்றது. பத்து வாரங்கள் கழித்து அதே மனிதர், தான் வாழ்நாள் முழுவதும் நம்பிய முறையை அந்த ஓர் இரவுக்காகத் தள்ளிவைத்தார். கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி ஹில்லின் ஓட்டப் பாதையின் மீது கூரை போட்டார். பிளிட்ஸை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைத்தார். ஷாக் பாரெட், ஜேசன் பியர்-பால், டாமுகொங் சூ, வீட்டா வியா ஆகிய நால்வரும் மற்றதைப் பார்த்துக்கொண்டார்கள். மஹோம்ஸ் 29 முறை நெருக்கப்பட்டார். சூப்பர் பவுல் வரலாற்றில் அதற்கு முன் எந்தக் குவாட்டர்பேக்கும் அத்தனை முறை நெருக்கப்பட்டதில்லை. வீசுவதற்கு முன் அவர் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓடிய தூரத்தைக் கூட்டினால் 497 கெஜம். முடிவு 31-9.

அந்த ஆட்டத்தின் நான்காம் கால் பகுதியில் ஒரு வீச்சு. நான்காவது டவுன் (10 கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி). மஹோம்ஸ் துரத்தப்பட்டு ஓடி, காலை வாரிவிட்டதால் உடல் தரைக்கு இணையாகக் கிடைமட்டமாக விழுந்துகொண்டிருக்கும்போதே பந்தை எறிகிறார். அது பல கெஜம் பறந்து எண்ட் ஜோனில் (டச்டவுன் எடுக்கும் எல்லைப் பகுதி) நின்ற டாரெல் வில்லியம்ஸின் முகக்கம்பியில் நேராகப் போய்ப் படுகிறது, பிடி தவறுகிறது. தோற்றுப்போன அணியின் தவறிய வீச்சு அது. இருந்தாலும் மஹோம்ஸ் யார் என்பதை அவருடைய எந்த டச்டவுனையும்விட அது தெளிவாகக் காட்டுகிறது என்று நான் நம்புகிறேன். அப்படிப்பட்ட ஒருவரை 9 புள்ளிகளில் நிறுத்துவதற்கு எதிரணியின் காயப்பட்டியல் மட்டும் போதாது. உடைந்த முன்வரிசைக்கு எதிராகவும் பேராசையில் ஆறு பேரை ஏவியிருந்தால் அந்த வீச்சுகளுக்கு எதிர்ப்புறத்தில் தனியாக ஓர் ஆள் நின்றிருப்பார். போல்ஸின் பெருமை அவர் கையை அடக்கிக்கொண்டதில் இருக்கிறது.

ஞாயிறுப்பார்வை

இருவரும் ஒரு முக்கியமான ஆட்டத்தைத் தாண்டிச் சென்றுவிட்டீர்கள். 2023 பிப்ரவரியில் நடந்த 57ஆவது சூப்பர் பவுலில் இதே ஈகிள்ஸ் அணிதான் சீஃப்ஸை எதிர்கொண்டது. அந்தப் பருவத்தில் ஈகிள்ஸ் எடுத்த சாக்குகள் 70. ஹாசன் ரெடிக், ஸ்வெட், ஜவோன் ஹார்கிரேவ், பிராண்டன் கிரஹாம் என நான்கு பேர் தலைக்குப் பத்துக்கு மேல் எடுத்திருந்தார்கள். அன்று மஹோம்ஸை அவர்கள் எத்தனை முறை வீழ்த்தினார்கள்? ஒருமுறைகூட இல்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. நான்கு பேர் போதும் என்ற கொள்கைக்கு இது பெரிய அடி அல்லவா?

அம்புமுனை

இந்த வரலாற்றை எங்கள் தரப்பிலிருந்து சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் எங்கள் நிர்வாகத்தின் மிகச் சிறந்த வேலை இங்கேதான் நடந்தது. டாம்பாவில் அடிவாங்கிய சில மாதங்களிலேயே முன்வரிசை ஐவரையும் புதிதாக அமைத்தார்கள். தூனியைப் பெரும் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பால்டிமோரிலிருந்து ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியரை வாங்கினார்கள். கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் எடுக்கும் வீரர் தேர்வின் இரண்டாம் சுற்றில் சென்டர் (நடுத் தடுப்பாளர்) க்ரீட் ஹம்ஃப்ரியையும், ஆறாம் சுற்றில் ட்ரே ஸ்மித்தையும் எடுத்தார்கள். ஆறாம் சுற்றில் அப்படி ஒரு கார்டு கிடைப்பது அபூர்வம். ஆக 70 சாக்குகள் எடுத்த அணி வந்தபோது எதிரே நின்றது வேறு ஒரு சுவர்.

அன்று எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் கால் பகுதியில், எண்ட் ஜோனுக்கு மிக அருகில், கடாரியஸ் டோனி பந்து விடுபடுவதற்குமுன் உள்நோக்கி ஓடத் தொடங்கினார். அவரைக் கவனித்தவர் அவர் மறுபுறம் கடந்து போகப்போகிறார் என்று எண்ணிப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க நகர்ந்த அந்த நொடியில், டோனி சட்டென்று திரும்பி வெளிப்பக்கம் ஓடினார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த முறை அதே தந்திரத்தை மறுபக்கத்தில் ஸ்கை மோரைக் கொண்டு செய்தார்கள். மீண்டும் ஒருவரும் இல்லை. பந்து கையைவிட்டு அவ்வளவு சீக்கிரம் போகும்போது எந்த நால்வரும் எட்ட முடியாது.

தடுப்புவரிசை

ஞாயிறுப்பார்வை அவர்களுக்கு: 57ஆவது ஆட்டம் என் கருத்தைக் குலைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. நெருக்கடிக்கும் மூடலுக்கும் (பந்து பிடிப்பவர்களைக் கவனிப்பதற்கும்) உள்ள உறவு ஒருவழிப் பாதை அல்ல. நான்கு பேர் விரைந்தால் பின்னால் உள்ள ஏழு பேருக்கு வேலை குறைகிறது. ஏழு பேர் முதல் பார்வையை மறைத்தால் நால்வருக்குக் கூடுதலாக ஒரு நொடி கிடைக்கிறது. அந்த இரவு அம்புமுனை விவரித்த இரு நகர்வுகளிலும் ஈகிள்ஸின் பின்வரிசை மஹோம்ஸுக்கு முதல் பார்வையிலேயே விடையைத் தந்துவிட்டது. மைதானத்தின் புல்லும் வழுக்கியது. விளிம்பிலிருந்து வளைந்து ஓடுகிறவர்களுக்குத்தான் அதனால் அதிகப் பாதிப்பு. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், இரு அணிகளும் அதே புல்லில்தான் ஆடின.

இரண்டே ஆண்டுகளில் ஈகிள்ஸ் மாற்றியது எதை என்று பாருங்கள். ரெடிக்கும் ஹார்கிரேவும் போய்விட்டார்கள். ஆக, முன்வரிசையின் பெயர்ப்பட்டியல் 2022ஐவிடக் குறைவான புகழுடையதாகவே இருந்தது. பின்வரிசையின் முக்கிய இடங்களில்தான் புதியவர்கள். 2024 தேர்வின் முதல் சுற்றில் கார்னர்பேக் குவின்யான் மிட்செல், இரண்டாம் சுற்றில் கூப்பர் டிஜீன். நியூ ஆர்லியன்ஸில் பெரிதும் சிறப்பு அணிகளில் (பந்தை உதைக்கும் தருணங்களுக்கான அணி) ஆடிக்கொண்டிருந்த ஸாக் பானை ஓராண்டு ஒப்பந்தத்தில் குறைந்த விலைக்கு எடுத்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்த்தி உள் லைன்பேக்கராக்கினார் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஃபான்ஜியோ. அந்த ஆண்டே பான், பருவத்தின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். முன்பு புகழைப் பெரும்பாலும் வீரர்களுக்குக் கொடுத்தேன். பானின் விஷயத்தில் மட்டும் அது பயிற்சியாளரின் கண்ணுக்கே முழுமையாகச் சேர வேண்டியது.

59ஆவது ஆட்டத்தில் இந்த இணைப்பு வேலை செய்ததற்கு இரண்டாம் கால் பகுதியின் ஒரு தொடரைப் பார்த்தால் போதும். முதலில் ஸ்வெட் ஒரு சாக். அடுத்த நகர்வில் புதிய வீரர் ஜேலிக்ஸ் ஹண்ட் பங்கெடுத்த இன்னொரு சாக். மூன்றாவது டவுனில் 16 கெஜம் வேண்டும். மஹோம்ஸ் மீண்டும் நெருக்கப்பட்டு வலப்பக்கம் ஓடியபடியே நடுப்பகுதியை நோக்கி டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு எறிகிறார். டிஜீன் தன் பகுதியில் நின்றபடி மஹோம்ஸின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரைத் துரத்தும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அவருடைய முதுகு குவாட்டர்பேக்கை நோக்கி இருந்திருக்கும். ஏழு பேர் பின்னால் இருந்ததால் அவரால் பந்தைப் பார்த்து ஆட முடிந்தது. முன்னால் தாவிப் பிடித்து 38 கெஜம் ஓடி டச்டவுன். 17-0. அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள்.

பழைய46

நீங்கள் அனைவரும் அண்மைக் காலத்தைப் பேசுகிறீர்கள்; நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 1985 சிகாகோ பேர்ஸ் அணியில் பட்டி ரயனின் 46 தற்காப்பு இதற்கு நேர் எதிரான நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது. எட்டுப் பேரை முன்னால் குவித்து, தடுப்பாளர்களால் எண்ணிக்கொள்ளவே முடியாத அளவுக்கு ஆட்களை ஏவி, குவாட்டர்பேக் யோசிக்கும் முன்பே ஆட்டத்தை முடிப்பது. 20ஆவது சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46-10 என்று நொறுக்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் டிசம்பர் 2 அன்று மயாமியில், 38-24. பந்தை எவரையும்விட விரைவாகக் கையைவிட்டு அனுப்பிய மயாமியின் குவாட்டர்பேக் டான் மரினோ, உள்பக்கம் நின்று பந்து பிடிக்கும் நாட் மூரை வேகம் குறைந்த தற்காப்பாளர்களுக்கு எதிராக மீண்டும் மீண்டும் குறிவைத்தார். கூடுதல் கார்னர்பேக்கைக் களமிறக்கச் சொல்லித் தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்காவும் ரயனும் இடைவேளையில் மோதிக்கொண்டார்கள் என்பது பலரும் அறிந்த கதை. நண்பர் தொடக்கத்தில் சொன்ன கணக்கு அன்றே மயாமியில் எழுதப்பட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் அந்தப் பேர்ஸ் அணியைப் போல எதிரியை அச்சுறுத்திய தற்காப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏழு பேரைப் பின்னால் நிறுத்தும் இன்றைய முறை வெல்லும். ஆனால் அது அந்த அச்சத்தைத் தருவதில்லை.

தடுப்புவரிசை

ஐயா, மரினோ ஆட்டத்தை நினைவூட்டியதற்கு நன்றி. அச்சத்தைப் பற்றி மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். 2008 பிப்ரவரி 3 அன்று, 18 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்த பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடியைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் 50 டச்டவுன் வீச்சுகள்; அணி எடுத்தது 589 புள்ளிகள். நியூ யார்க் ஜயண்ட்ஸ் அவர்களை 14 புள்ளிகளில் நிறுத்தியது. தற்காப்பை வகுத்தவர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ. அவர் பிளிட்ஸும் கலந்தார்தான், ஆனால் பிரேடியைக் கலங்கடித்தது முன்வரிசை. மைக்கேல் ஸ்ட்ரஹானும் ஓசி உமெனியோராவும் விளிம்புகளில் நிற்க, எடை குறைந்த ஜஸ்டின் டக்கை உள்ளே நகர்த்திக் கார்டுகளுக்கு எதிராக நிறுத்தினார். தம்மைவிட வேகமான ஒருவரைக் கார்டுகள் அன்று சமாளிக்க முடியவில்லை. ஐந்து சாக்குகள். கடைசி நிமிடத்தில், ஜயண்ட்ஸ் 17-14 என்று முன்னிலை பெற்ற பிறகு, ஜே ஆல்ஃபர்ட் என்ற முதலாண்டு வீரர் நடுவழியே பாய்ந்து வந்து பிரேடியைச் சாய்த்தார். அதற்கு முன்பே பிரேடி, ஆள் வராத நகர்வுகளிலும் காலை அவசரமாக நகர்த்தத் தொடங்கியிருந்தார். நடுவிலிருந்து வரும் நெருக்கடி குவாட்டர்பேக்கை முன்னால் அடியெடுத்து வைக்க விடாது. அந்தப் பயம் 46இன் பயத்தைவிடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே ஸ்பாக்னுவோலோதான் பின்னாளில் சீஃப்ஸின் தற்காப்புப் பயிற்சியாளராக, 55ஆவது, 59ஆவது ஆட்டங்கள் இரண்டிலும் எதிர்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறுப்பார்வை

அப்படியானால் 53ஆவது சூப்பர் பவுலை எங்கே வைப்பீர்கள்? பேட்ரியட்ஸ் 13-3 என்று ராம்ஸை முடக்கிய ஆட்டத்தில், ஆட்டத்தைத் தீர்த்துவைத்த ஸ்டெஃபான் கில்மோரின் இன்டர்செப்ஷன் (எதிரணியின் வீச்சைப் பறிப்பது) ஒரு முழு பிளிட்ஸில்தான் வந்தது. இன்னொன்று: ஏழு பேர் பின்னால் நிற்கும்போது வீசாமல் பந்தோடு ஓடியே வெல்லலாமே, 59ஆவது ஆட்டத்தில் சீஃப்ஸ் ஏன் ஓடவில்லை?

தடுப்புவரிசை

முதல் கேள்விக்கு: அந்த ஆட்டத்தின் அடித்தளத்தையே பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பெலிசிக் ஃபான்ஜியோவிடமிருந்துதான் எடுத்தார். 2018 டிசம்பரில், அப்போது சிகாகோவின் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்த ஃபான்ஜியோ, ராம்ஸை 6 புள்ளிகளில் நிறுத்தி 15-6 என்று தோற்கடித்தார். ராம்ஸின் குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் அன்று நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். விளிம்பு ஓட்டங்களை அடைக்க முன்னால் ஆறு பேர், பின்னால் களத்தை நான்கு கூறாக்கி மூடும் குவார்ட்டர்ஸ் முறை. பருவம் முழுவதும் ஆளுக்கு ஆள் மூடி ஆடிய பேட்ரியட்ஸ், இறுதி ஆட்டத்தில் அந்த வார்ப்பைக் கையிலெடுத்தது. கில்மோர் பந்தைப் பறித்த நகர்வில் வந்த முழு பிளிட்ஸ் பலித்ததற்குக் காரணம், அதற்கு முன் மூன்றரைக் கால் பகுதிகளாகக் காஃப் வேறொன்றைப் பார்த்துப் பழகியிருந்ததே. அரிதாக வரும்போதுதான் பிளிட்ஸுக்கு மதிப்பு.

இரண்டாவது கேள்விதான் இந்த இழையின் மிகச் சிறந்த கேள்வி. இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தினால் முன்னால் ஆள் குறைகிறது. ஓடுங்கள் என்று அழைப்பதற்குச் சமம். அந்த அழைப்பை விடுக்கும் துணிவு ஃபான்ஜியோவுக்கு வந்தது கார்ட்டரும் டேவிஸும் பானும் இருந்ததால். நடுவில் இரண்டு தடுப்பாளர்களைத் தம் மீது இழுத்துக்கொண்டு நிற்கக்கூடியவர்கள் இருந்தால், ஆறு பேரே ஓட்டத்தைத் தாங்கலாம். 17-0 ஆனபிறகு சீஃப்ஸ் ஓட விரும்பினாலும் கடிகாரம் இடம் தரவில்லை. அதற்கு முன்பே இன்னும் பிடிவாதமாக ஓடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ரீட் மஹோம்ஸின் கையை நம்பினார். அவருக்குக் கிடைத்தது போன்ற ஒரு கை எனக்குக் கிடைத்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

அம்புமுனை

அந்தத் தோல்விக்குப் பிறகு நடந்ததையும் பதிந்துவிடுகிறேன். 2025 மார்ச்சில் தூனியைச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஏப்ரலில் முதல் சுற்றின் கடைசித் தேர்வாக ஒஹாயோ ஸ்டேட்டின் இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸை எடுத்தார்கள். 2021இல் செய்த அதே மருத்துவம். ஈகிள்ஸும் விலை கொடுத்தது: ஸ்வெட் அரிஸோனாவுக்கும், மில்டன் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள்.

தடுப்புவரிசை

வில்லியம்ஸுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுகளுக்கு 104 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அந்த இறுதி ஆட்டத்திற்கு முன் அவரை நட்சத்திரம் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளிருந்து நெருக்கடி தரும் ஒருவருக்கு லீக் இன்று என்ன விலை வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. ஒரே வீரர் தேர்வில் நான்கு முன்வரிசை வீரர்களை யாரும் வளர்த்தெடுக்க முடியாது. ஈகிள்ஸ் 2022இல் டேவிஸையும், 2023இல் கார்ட்டரையும் நோலன் ஸ்மித்தையும் முதல் சுற்றிலேயே எடுத்திருந்ததால்தான் இருவரை இழந்தும் அவர்களால் நிற்க முடிந்தது. 2025 செப்டம்பர் 14 அன்று ஆரோஹெட் மைதானத்தில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தபோது ஈகிள்ஸ் 20-17 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் சிம்மன்ஸ் இடது விளிம்பில் எப்படி நின்றார் என்பதை நகர்வு நகர்வாகப் பார்த்து அம்புமுனை இங்கே எழுதினால், கார்ட்டர் உள்பக்கம் செய்ததை நான் எழுதுகிறேன்.